விளம்பரத்தில் 1800 சதுரடி, தரையில் 1726: காலி மனை வாங்கும் முன் விவரங்களைச் சரிபார்ப்பது எப்படி

போன வருடம் திருச்சி புறநகரில் ஒரு காலி மனை வாங்கினேன். இணையத்தில் வந்த விளம்பரம் இதுதான்: "1800 சதுரடி, தெற்கு பார்த்த மனை, 30 அடி ரோடு, டிடிசிபி அப்ரூவல், சதுரடி 1500 ரூபாய்." இதில் பரப்பும் ரோட்டு அகலமும் சரியில்லை. அவற்றைச் சரிபார்த்து, விற்பவரிடம் பேசி, சரியான அளவைப் பத்திரத்தில் ஏற்றும் வரை என்ன செய்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் மனை வாங்குபவர்களுக்கான குறிப்பு இது. வில்லங்கச் சான்று போடுவது, தாய்ப்பத்திரம் பார்ப்பது பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதற்குள் நான் போகவில்லை.

படி 1: விளம்பரத்தைப் பத்திரப்படுத்துங்கள்

தரகரை அழைப்பதற்கு முன்பே விளம்பரப் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீங்கள் கேள்வி கேட்ட மறுநாளே விளம்பரத்தைத் திருத்திவிட முடியும். பிறகு "நாங்கள் அப்படிப் போடவே இல்லையே" என்றால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

அடுத்து, விளம்பரம் சொல்லும் ஒவ்வொரு விவரத்துக்கும் எதிரே அதை எந்த ஆவணம் உறுதி செய்யும் என்று எழுதுங்கள். பரப்புக்குப் பட்டாவும் புலப்படமும் (நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் அரசு வரைபடம்). ரோட்டு அகலத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம். அப்ரூவலுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது, சென்னைப் பகுதி என்றால், சிஎம்டிஏ எண். "பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடம்" என்பதற்கு உங்கள் வண்டி.

படி 2: புல எண்ணை வாங்குங்கள்

விளம்பரத்தில் புல எண் இருக்காது. "டோக்கன் போட்டால் தருகிறேன்" என்று சொல்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம் என்பது என் கருத்து. உட்பிரிவோடு கேளுங்கள். 124 என்பதும் 124/3ஏ என்பதும் வேறு வேறு நிலம். பழைய எண், புதிய எண் இரண்டு இருந்தால் இரண்டையும் வாங்குங்கள்.

எண் கிடைத்ததும் வருவாய்த் துறையின் "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையச் சேவையில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் எடுங்கள். நகராட்சி, மாநகராட்சிப் பகுதி என்றால் வார்டு, பிளாக், நகரப் புல எண் கேட்கும். அ-பதிவேட்டைத் தவிர்த்துவிடாதீர்கள். நிலம் புறம்போக்கா, நஞ்சையா, புஞ்சையா என்பதை அதில்தான் பார்க்க வேண்டும்.

படி 3: ஹெக்டேர்-ஏர் கணக்கு

என் மனைக்கான பட்டாவில் பரப்பு "0 - 1.60" என்று இருந்தது. முதலில் இதை 1.60 சென்ட் என்று படித்துவிட்டு, 700 சதுரடிகூட இல்லையே என்று இரவெல்லாம் தூங்கவில்லை. முன்னால் உள்ள 0 ஹெக்டேர், பின்னால் உள்ள 1.60 சென்ட் அல்ல, ஏர். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர். 1.60 ஏர் என்றால் 160 சதுர மீட்டர். 10.764 ஆல் பெருக்கினால் 1722 சதுரடி.

1 சென்ட் 435.6 சதுரடி, 1 கிரவுண்ட் 2400 சதுரடி. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் தரகர்கள் அலகு மாற்றிப் பேசும்போது தடுமாற மாட்டீர்கள்.

பட்டாவில் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு முழுமையாக்கப்பட்டிருக்கும். அதனால் ஐந்து சதுரடி கூடக் குறைய இருப்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். எழுபத்தெட்டு சதுரடி வித்தியாசம் அப்படி விடக்கூடியது அல்ல.

படி 4: டேப்பை மூலைக்கு மூலை பிடியுங்கள்

நான் வழுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பட்டாவில் 1722 என்று காட்டியபோது தரகர், "யூ.டி.ஆர். காலத்துத் தவறு சார், வாங்க அளந்தே காட்டுறேன்" என்றார். 1980களில் நடந்த அந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் பிழைகள் ஏறியது உண்மை, ஆகவே நம்பினேன். என் கண் முன்னால் அளந்தார். தென்புறம் 30 அடி, வடபுறம் 32, கீழ்ப்புறம் (கிழக்கு) 59, மேல்புறம் (மேற்கு) 57. கிழமேல் சராசரி 31, தென்வடல் சராசரி 58. பெருக்கினால் 1798. "இரண்டடி போனால் போகுது, 1800" என்றார். விற்பவரின் பழைய பத்திரத்திலும் இதே கணக்குதான் இருந்தது.

அவர் பிடித்த டேப்பில் தவறில்லை, நான்கு அளவும் சரி. பெருக்கிய முறைதான் தவறு. மூலைகள் நான்கும் செங்கோணமாக இருந்தால் மட்டுமே அந்தப் பெருக்கல் சரியான பரப்பைத் தரும். மனை கோணலாக இருந்தால் எப்போதும் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. வாங்குபவருக்குத்தான் நஷ்டம்.

செய்ய வேண்டியது: ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு டேப் பிடியுங்கள். தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்கு எனக்கு 73 அடி வந்தது. இப்போது மனை இரண்டு முக்கோணமாகிவிட்டது.

முதல் முக்கோணம் 30, 59, 73. மூன்றையும் கூட்டினால் 162, பாதி 81. அந்த 81-லிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 51, 22, 8. 81 × 51 × 22 × 8 = 7,27,056. இதன் வர்க்கமூலம் 853, அதுதான் இந்த முக்கோணத்தின் பரப்பு சதுரடியில்.

இரண்டாவது 32, 57, 73. கூட்டல் 162, பாதி 81. மீதிகள் 49, 24, 8. 81 × 49 × 24 × 8 = 7,62,048. வர்க்கமூலம் 873.

இரண்டும் சேர்த்து 1726. பட்டாவோடு நான்கு சதுரடிதான் வித்தியாசம். பட்டா முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

கருவிகளைப் பற்றி. 30 மீட்டர் இரும்பு டேப் வாங்குங்கள். துணி டேப் இழுத்தால் நீளும். வெயிலில் சின்ன லேசர் கருவியின் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. மனையைச் சுற்றி நடந்தால் பரப்பு சொல்லும் கைபேசிச் செயலிகளை 30 அடி மனைக்கு நம்பவே கூடாது. ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், 30 அடியே ஒன்பது மீட்டர்தான். மனை இருக்கும் திசையும் இடமும் தெரிந்துகொள்ள மட்டும் செயற்கைக்கோள் படம் போதும்.

எல்லைக்கல் இல்லை, பக்கத்து மனைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாமாக அளப்பதில் பயனில்லை. அரசு நில அளவையருக்கு எஃப்-லைன் மனு (எல்லையை அளந்து காட்டக் கேட்கும் மனு) போட விற்பவரைக் கேளுங்கள். "தமிழ்நிலம்" தளத்தில் இணையவழியே விண்ணப்பிக்கலாம்.

படி 5: ரோடும் அப்ரூவலும்

30 அடி ரோடு என்றார்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் 7.2 மீட்டர், அதாவது 24 அடிக்கும் குறைவு. இரு பக்கமும் காலி மனையாக இருக்கும்போது ரோடு அகலமாகத்தான் தெரியும். வீடு கட்ட அனுமதி கேட்கும்போது ரோட்டு அகலத்தைப் பொறுத்துத்தான் பல விதிகள் வரும், அதனால் வரைபடத்தின் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோடு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டதா என்றும் கேளுங்கள்.

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்று மட்டும் இருந்தால் வேண்டாம். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை இருக்கிறது. அதற்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. அப்படியானால் வரன்முறை ஆணையின் நகலைக் கேளுங்கள்.

படி 6: எழுத்தில் சொல்லுங்கள்

தொலைபேசியில் சண்டை போட வேண்டாம். நான் விற்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது இது: "ஐயா, தங்கள் விளம்பரத்தில் மனை 1800 சதுரடி என்று உள்ளது. பட்டாப்படி 1722, நேரில் அளந்ததில் 1726. அளவுத் தாளை இணைத்துள்ளேன். சதுரடி 1500 வீதம் 1726 சதுரடிக்கு 25,89,000 ரூபாய்க்கு வாங்கச் சம்மதம். தங்கள் பதிலை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

27 லட்சத்திலிருந்து 1,11,000 ரூபாய் குறைந்தது. அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. அவரும் பல வருடம் முன்பு 1800 என்று நம்பித்தான் வாங்கியிருக்கிறார். அளவுத் தாளைப் பார்த்து இரண்டு நாள் கழித்து ஒத்துக்கொண்டார்.

வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19-இன்படி, சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்ற நிலையில், தவறான தகவலைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்வது கடினம். பட்டா இணையத்திலேயே கிடைக்கும்போது உங்களைத்தான் கேட்பார்கள்.

விற்பவர் தனி ஆள் இல்லாமல் மனைப்பிரிவு போட்ட நிறுவனமாக இருந்து, நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால், ரெரா (மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். தவறான விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு ரெரா சட்டம் பிரிவு 12 இழப்பீடு கேட்கும் உரிமை தருகிறது. முதல் படியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் அங்கே உதவும்.

படி 7: ஒப்பந்தமும் பத்திரமும்

கிரய ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையை மட்டும் எழுதாமல், சதுரடி விலையையும் "அளந்து வரும் பரப்புக்கு" என்ற வார்த்தையையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தைப் பதிவும் செய்துவிடுங்கள்.

பத்திர எழுத்தர் பழைய பத்திரத்தின் சொத்து விவரத்தை அப்படியே நகலெடுப்பார். என் வரைவிலும் 1800 திரும்ப வந்துவிட்டது. நான்கு பக்க அளவு, மூலைக்கோட்டு அளவு, 1726 சதுரடி, "முன் பத்திரத்தில் 1800 எனக் கண்டது தற்போது அளந்ததில் 1726" என்ற வரி ஆகியவற்றைச் சேர்க்க வைத்தேன். நான்கெல்லையும் பரப்பும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையைத்தான் ஏற்கின்றன, பத்திரத்தில் கூடுதலாக எழுதுவதால் நிலம் கூடாது. வழிகாட்டி மதிப்பை (அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் சதுரடி மதிப்பு) பரப்பால் பெருக்கித்தான் கணக்கிடுவதால், 1800 என்றே எழுதியிருந்தால் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் இல்லாத 74 சதுரடிக்கும் சேர்த்துப் போயிருக்கும்.

பின்னர் சேர்த்தது:

படித்த ஒருவர், தன் மனைக்குப் பட்டா எடுத்தால் இரண்டு ஏக்கருக்கு மேல் காட்டுகிறது, பல பேர் பெயர் இருக்கிறது என்று கேட்டிருந்தார். அது கூட்டுப் பட்டா, மனைக்குத் தனி உட்பிரிவு ஆகவில்லை. அங்கே படி 3 பயன்படாது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் மனை எண்ணைக் கண்டுபிடித்து, அதிலுள்ள அளவோடு உங்கள் டேப் அளவை ஒப்பிடுங்கள். வாங்கிய பின் பட்டா மாறுதலுக்கு "உட்பிரிவு தேவைப்படும் இனம்" என்று விண்ணப்பிக்க வேண்டும், நில அளவையர் வந்து அளப்பார்.

இன்னொருவர் புலப்படத்தை அச்செடுத்து ஸ்கேலால் அளந்து எதுவும் பொருந்தவில்லை என்றார். அச்செடுக்கும்போது தாளுக்குள் அடங்கும்படி படம் சுருங்கிவிடும், பிறகு அதில் எழுதியிருக்கும் அளவுகோல் செல்லாது. கோடுகளின் மேல் எழுதியுள்ள எண்களை மட்டும் பாருங்கள். அவை மீட்டரில் இருக்கும், 3.281 ஆல் பெருக்கினால் அடி.