மனநோயும் ‘நான்’ என்ற உணர்வும்: இருத்தலிய நோக்கில் நேரும் தவறுகள்

ஜெர்மானிய மனநல மருத்துவரும் தத்துவவாதியுமான கார்ல் யாஸ்பர்ஸ் 1913இல் மனநோயை அணுகுவதற்கான இரு வழிகளைப் பிரித்துக் காட்டினார். நோய் எதனால் வந்தது என்று காரணம் காட்டி விளக்குவது ஒன்று. நோயுற்றவருக்கு அவருடைய உலகம் எப்படித் தோன்றுகிறது என்று உடனிருந்து புரிந்துகொள்வது மற்றொன்று. மனிதர் தம் இருப்பை எப்படி வாழ்ந்து உணர்கிறார் என்பதை முதன்மையாகக் கொள்ளும் இருத்தலியச் சிந்தனையாளர்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியில் நடந்தவர்கள். அவர்களை முதல் வழியில் நடந்தவர்களாக எண்ணி வாசிப்பதே அடிப்படைத் தவறு.

மனநல மருத்துவர் ஆர்.டி.லேங் 1960இல் எழுதியதை எடுத்துக்கொள்வோம். தாம் உயிரோடு இருக்கிறோம், தாம் வேறு பிறர் வேறு என்பதைப் பெரும்பாலோர் ஐயமின்றி உணர்கிறார்கள். அந்த உறுதி வாய்க்காத ஒருவருக்குச் சாதாரண உரையாடல்கூடத் தம்மை விழுங்க வரும் ஆபத்தாகத் தோன்றலாம், அதனால் அவர் உண்மையான தம்மை உள்ளே ஒளித்துவைத்துப் பொய்யான ஒருவரை வெளியே நடமாட விடுகிறார் என்றார் லேங். இது அனுபவத்தின் சித்திரம். மனச்சிதைவில் (ஸ்கிசோஃப்ரினியா) மரபணுவுக்கும் மூளைக்கும் பங்கில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும், குடும்பத்தின் மீது பழி சுமத்துவதும், மருந்தை நிறுத்தச் சொல்வதும் இந்தச் சித்திரத்தில் இல்லாததை நாமே ஏற்றிச் சொல்வதாகும்.

தர்க்கத்தால் நோயை வெல்லலாம் என்பது அடுத்த தவறு. மனநல மருத்துவர் யூஜின் மின்கோவ்ஸ்கி 1922இல் அறுபத்தாறு வயது நோயாளி ஒருவருடன் இரண்டு மாதங்கள் ஒன்றாக வசித்தார். தமக்கு அன்றிரவே மரணதண்டனை நிறைவேற்றப்படும் என்று அந்த முதியவர் உறுதியாக நம்பினார். நேற்றும் இப்படித்தான் சொன்னீர்கள், ஒன்றும் நடக்கவில்லையே என்று மருத்துவர் எடுத்துச் சொன்னாலும், அந்தப் பாடம் மறுநாளுக்குப் போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு நாளும் தனித்தனித் தீவாக நின்றது. பிழையான நம்பிக்கை எதிர்காலத்தை மறைக்கவில்லை, எதிர்காலம் முன்னமே அடைபட்டுப் போனதால்தான் அந்த நம்பிக்கை பிறந்தது என்பது மின்கோவ்ஸ்கியின் கருத்து. இதை அறிந்தவர், கடும் மனச்சோர்வில் இருப்பவரிடம் ‘மனிதன் சுதந்திரமானவன், மனம் வைத்தால் மீளலாம்’ என்று சொல்லத் தயங்குவார்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, நோயை ஞானமாகவும் மரணத்தை மெய்மையாகவும் அலங்கரிப்பது. எல்லன் வெஸ்ட் என்ற புனைபெயரால் அறியப்படும் பெண், உடல் பருத்துவிடும் என்ற அச்சத்தாலும் ஓயாத உணவு நினைப்பாலும் ஆண்டுக்கணக்கில் வதைபட்டவர். 1921இல் சுவிட்சர்லாந்தின் குரோய்ட்ஸ்லிங்கனில், இருத்தலிய நோக்குடைய மனநல மருத்துவர் லுட்விக் பின்ஸ்வாங்கரின் மருத்துவமனையில் தங்கினார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சில நாட்களில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இருபதாண்டுகளுக்கும் மேல் கழித்து அவருடைய வரலாற்றை எழுதிய பின்ஸ்வாங்கர், அந்த மரணத்தில்தான் அவர் தாமாக ஆனார் என்ற தொனியில் பேசினார். அந்தப் பெண்ணை யாரும் ஒரு மனிதராகச் சந்திக்கவேயில்லை என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் பின்னாளில் கடிந்தார். ரோஜர்ஸின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: நோயுற்றவரின் உலகத்தை அத்தனை நுணுக்கமாக வரைந்த எழுத்து, அவரையே அந்தச் சித்திரத்துக்குச் சான்றாகச் சுருக்கிவிட்டது.

வாழ்வின் பொருள் குறித்த தவிப்பு எல்லாமே நோய் அல்ல. ஆனால், வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் குலைந்து சாவு நினைப்பு வருமானால் அதைத் தத்துவம் என்று ஒத்திப்போடாமல் மருத்துவரைக் காண வேண்டும். இந்தியாவில் டெலிமானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

இனி, சொல்லில் நேரும் தவறு. ‘எனக்குக் காய்ச்சல்’ என்போம். ‘நான் காய்ச்சல்’ என்று எவரும் சொல்வதில்லை. ‘அவருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது’ என்னும் கடுமையான வழக்கில்கூட நோய் வேறு, ஆள் வேறு. ‘அவன் ஒரு பைத்தியம்’ என்றதும் அந்த இடைவெளி மறைந்துவிடுகிறது. இதற்கு எதிர்த்திசையிலும் தவறு உண்டு. மனச்சிதைவில் சிலருக்குத் தம் எண்ணங்களே தம்முடையவையாகத் தோன்றுவதில்லை. ‘என்னுடையது’ என்ற உணர்வே ஆட்டங்காணும்போது, ‘நோய் வேறு, நீங்கள் வேறு’ என்ற ஆறுதல் அவருக்கு எட்டாமல் போகலாம். அத்தகையவரிடம், தமக்கு நேர்வதை அவர் எந்தச் சொல்லால் சொல்கிறார் என்று முதலில் கேட்டறிய வேண்டும்.