சிவப்பு வரி யாருடையது? செல் வரையும் வேலையை டெலிகேட்டிடம் விடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைக் கொள்முதல் மையத்துக்காக ஜாவாவின் ஸ்விங்கில் (பட்டன், அட்டவணை போன்றவற்றைத் திரையில் காட்டும் தொகுப்பு) ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தேன். விவசாயியின் பெயர், ஊர், பச்சைத் தேயிலை எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு, எல்லாம் ஒரே அட்டவணையில் வரும். நனைந்த இலைக்கு ஈரக் கழிவு பிடிப்பார்கள் என்பதால் அந்த வரி மட்டும் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அங்கே போயிருந்தேன். பெரியவர் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, என் இலைக்கு எதுக்குச் சிவப்பு போட்டிருக்கு? நான் மழைக்கு முன்னாடியே பறிச்சு மூட்டை கட்டிட்டேனே" என்றார். அவர் சொன்னது சரி. கணக்கில் அவருக்குக் கழிவு எதுவும் இல்லை, நிறம் மட்டும்தான் தவறு. ஆனால் எடை போடும் இடத்தில் நிற்பவருக்குக் கணக்கு எங்கே தெரியும்? கண்ணில் படுவது நிறம்தானே. அன்றைக்குத்தான் இந்த விஷயத்தை முழுதாகப் படிக்க உட்கார்ந்தேன்.

ஸ்விங்கில் ஒரு பட்டன்கூடத் தன்னைத் தானே வரைந்துகொள்வதில்லை. தோற்றத்தை வரையும் பொறுப்பு பட்டன்யூஐ என்ற இன்னொரு ஆப்ஜெக்ட்டிடம் இருக்கிறது. அட்டவணையும் அப்படித்தான்: ஒவ்வொரு செல்லையும், அதாவது கட்டத்தையும், வரைய ரெண்டரர் என்ற ஆப்ஜெக்ட்டைக் கூப்பிடுகிறது. க்யூட் என்ற இன்னொரு தொகுப்பில் இதே வேலையைச் செய்வதற்குப் பெயரே டெலிகேட். ஸ்விங்கின் அட்டவணையான ஜேடேபிளிலிருந்து புது கிளாஸ் ஒன்றை எடுத்து, அதன் பெயிண்ட் மெத்தடையே மாற்றி எழுதுவதைவிட இது எவ்வளவோ நல்ல ஏற்பாடு. ஆனால் வேலையை ஒப்படைப்பதற்கென்று சில முறைகள் இருக்கின்றன. நான் சறுக்கியது அங்கேதான்.

முதலில் பெரியவரின் வரி. எந்தெந்த வரி நனைந்தது என்ற பட்டியலை நான் ரெண்டரருக்குள்ளேயே வைத்திருந்தேன். மூன்றாவது வரியை வரையச் சொன்னால், தன் பட்டியலில் மூன்றாவதைப் பார்த்து நிறம் பூசும். 2006இல் வந்த ஜாவா 6 முதல் ஜேடேபிளிலேயே வரிசைப்படுத்தும் வசதி இருக்கிறது. யாரோ பெயர்த் தலைப்பைத் தட்டியிருக்கிறார்கள். ஆட்கள் இடம் மாறிவிட்டார்கள், சிவப்பு மட்டும் மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டது. ரெண்டரருக்கு வரும் வரி எண் திரையில் தெரியும் வரிசையின் எண். தரவு இருக்கும் மாடலில் அது வேறு எண்ணாக இருக்கலாம். கன்வர்ட்ரோஇன்டெக்ஸ்டுமாடல் என்ற மெத்தட் அதை மாற்றித் தரும். அதைவிட நல்ல வழி, நனைந்ததா இல்லையா என்பதைச் செல்லின் மதிப்போடு சேர்த்தே அனுப்புவது. வரைபவர் கையில் கொடுத்ததைப் பார்த்து வரையட்டும், தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், இதற்கு முன்பே நான் திருத்தியிருந்த இன்னொரு பிழை. ஸ்விங் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு தடவையாவது இதில் மாட்டியிருப்பார்கள். முந்நூறு செல் இருந்தால் முந்நூறு ரெண்டரர் இருப்பதில்லை. ஒரே லேபிளை எடுத்து, எழுத்தை மாற்றி, ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதுபோல வரிசையாகக் குத்திக்கொண்டே போகிறது. அதனால் முந்தின குத்தின் மை அடுத்ததிலும் ஒட்டும். "நனைந்திருந்தால் பின்னணி சிவப்பு" என்று மட்டும் எழுதினேன். ஸ்விங்கோடு வரும் வழக்கமான ரெண்டரரான டிஃபால்ட்டேபிள்செல்ரெண்டரர், கொடுத்த பின்னணி நிறத்தை இனிமேல் தன் வழக்கமான நிறம் என்று நினைவில் வைத்துக்கொள்ளும். விளைவு: முதல் நனைந்த வரிக்குக் கீழே எல்லாமே சிவப்பு. கீழே ஸ்க்ரோல் செய்துவிட்டு மேலே வந்தால் மேல் வரிகளும் சிவப்பு.

சரி, "இல்லையென்றால் வெள்ளை" என்று சேர்த்தேன். இப்போது வரியைத் தேர்வு செய்தால் தேர்வு நிறம் தெரியவில்லை, அதன் மேல் என் வெள்ளை ஏறிவிடுகிறது. தேர்வின்போது எழுத்து வெள்ளையாக மாறும் தோற்றத்தில் பெயரே காணாமல் போனது. முதலில் தேர்வு செய்யப்பட்டதா என்று பார்த்து, ஆமென்றால் நிறத்தைத் தொடாமல் விட வேண்டும். இல்லையென்றால் நனைந்ததற்கு ஒன்று, நனையாததற்கு ஒன்று என்று இரண்டுக்கும் நிறத்தைச் சொல்லிவிட வேண்டும். எந்த நிலையையும் சொல்லாமல் விடக் கூடாது.

கிலோவைக் காட்ட நீங்களே செல்லுக்குள் ஒரு பட்டை வரைவதாக இருந்தால் இன்னொரு கவனம் தேவை. காம்பொனன்ட்டை வரையும் மெத்தடான பெயிண்ட்காம்பொனன்ட்டுக்கு வரும் கிராஃபிக்ஸ் ஆப்ஜெக்ட் இரவல் பொருள். அதில் இடம் நகர்த்தினாலோ வெட்டும் எல்லையை மாற்றினாலோ, பின்னால் வரும் பார்டரும் உள்ளே இருக்கும் சின்னக் காம்பொனன்ட்டுகளும் அந்த மாற்றத்தோடே வரையப்படும். க்ரியேட் கொடுத்து ஒரு நகல் எடுத்து, அதில் வரைந்து, டிஸ்போஸ் செய்துவிடுங்கள். க்யூட்டில் எல்லாச் செல்லுக்கும் ஒரே பெயின்டர்தான் போகிறது, ஆகவே அதன் நிலையைச் சேமித்து மீட்கும் சேவ், ரீஸ்டோர் இரண்டையும் மறந்தால் அடுத்தடுத்த செல்களும் கெடும். பின்னணி உள்ள காம்பொனன்ட்டில் சூப்பர்.பெயிண்ட்காம்பொனன்ட்டைக் கூப்பிடாமல் விட்டால் பழைய எழுத்தின் மேலேயே புது எழுத்து விழும். கெட்கிராஃபிக்ஸ் வாங்கி வெளியிலிருந்து வரைவதே வேண்டாம். அந்த இடம் மறுபடி வரையப்பட்டதும் அது அழிந்துவிடும்.

வரையும் இடத்தில் வேறு வேலை செய்யாதீர்கள். திரையில் 30 வரி, 8 நெடுவரிசை என்றால் ஒரு முழு வரைதலுக்கு 240 அழைப்பு. ஒவ்வொன்றிலும் டேட்டாபேஸைத் தொட்டு 1 மில்லிசெகண்ட் ஆனாலும் 240 மில்லிசெகண்ட். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது 16.7தான். மையத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் ஸ்க்ரோல் நின்று நின்று போனதற்கு இதுதான் காரணம். ரெண்டரருக்குள் வரியின் உயரத்தை ஒவ்வொரு முறையும் மாற்றினால் இன்னும் மோசம்: உயரம் மாறினால் மறுபடி வரையும், வரைந்தால் உயரம் மாறும், முடிவே இல்லை.

கடைசியாக, தமிழில் எழுதுபவர்களுக்கென்றே ஒன்று. இடம் போதாதபோது நானே எழுத்துகளை எண்ணி வெட்டினேன். "குன்னூர்" என்பதை மூன்று குறியீட்டில் வெட்டினால் "குன" என்று வரும், ன் மேலிருந்த புள்ளி போய்விடும். கணினிக்கு உகர அடையாளமும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். அகலத்தையும் இப்படி ஒவ்வொன்றாக அளந்து கூட்டக் கூடாது. முழுச் சொல்லையும் எழுத்தின் அளவைச் சொல்லும் ஃபான்ட்மெட்ரிக்ஸிடம் கொடுத்துக் கேளுங்கள். வெட்டும் வேலையை ஜேலேபிளிடமோ க்யூட்டின் எலைடட்டெக்ஸ்ட்டிடமோ விட்டுவிடலாம். உயரத்தையும் ஆங்கில எழுத்தை வைத்து முடிவு செய்தால் "கு", "ஸ்ரீ" போன்றவற்றின் அடிப்பகுதி அறுபடும். க்யூட்டில் செல்லின் அளவைக் கேட்கும் சைஸ்ஹின்ட் மெத்தட் சொல்லும் உயரமும் நீங்கள் வரையும் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் அட்டவணையை யாரிடமாவது கொடுப்பதற்கு முன் பெயர்த் தலைப்பை இரண்டு முறை தட்டுகிறேன், நனைந்த வரியையும் நனையாத வரியையும் தேர்வு செய்து பார்க்கிறேன், கடைசி வரி வரை போய்த் திரும்புகிறேன், ஃபான்ட்டைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அந்த மையத்தில் நிறத்தோடு "ஈரம்" என்ற சொல்லையும் செல்லுக்குள் எழுத வைத்துவிட்டேன். அந்தப் பெரியவரின் வரியில் அது இல்லை என்பதை அவரிடமே காட்டிவிட்டு வந்தேன்.