24 முட்டைக்கு 3 குஞ்சு: இன்குபேட்டரில் நான் கோட்டைவிட்ட இடம்

அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஏழெட்டுச் சிறுவிடைக் கோழிகள் மேய்கின்றன. ஒரு கோழி அடையில் உட்கார்ந்தால் பத்துப் பன்னிரண்டு முட்டைதான் அணைக்கும். அப்புறம் குஞ்சுகளோடு திரியும் வரை முட்டையும் கிடையாது. அதற்காகத்தான் 36 முட்டை பிடிக்கும் சின்ன இன்குபேட்டர் வாங்கினேன். முதல் தடவை 24 முட்டை வைத்தேன். 21-ஆம் நாள் ஒன்றும் அசையவில்லை. 23-ஆம் நாள் 3 குஞ்சு வந்தது, அதிலும் ஒன்று காலூன்றவில்லை. மீதியை உடைத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் முழுசாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன.

மெஷின் 37.5 டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே உண்மையில் இருந்தது 36.3. சூடு குறைந்தால் குஞ்சு தாமதமாகவும் சோர்ந்தும் வரும், கூடினால் முன்னதாகவே தொப்புள் மூடாமல் வரும். அதனால் முட்டையைத் தொடும் முன் தெர்மாமீட்டரைச் சோதியுங்கள்.

இதற்கு வீட்டில் இருக்கும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். நமக்கு வேண்டிய சூட்டை அளக்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஒரு சொம்பு நிறைய வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, மெஷினின் சென்சார் நுனியையும் காய்ச்சல் தெர்மாமீட்டரையும் ஒட்டினாற்போல் பிடித்துக் கலக்கிக்கொண்டே இருங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் 99.5 பாரன்ஹீட் காட்டும்போது மெஷின் 37.5 காட்ட வேண்டும். நான் முதலில் சின்ன டம்ளரில் செய்தேன். படிப்பதற்குள் தண்ணீர் ஆறிப்போய்விட்டது, அதனால்தான் சொம்பு. சென்சார் நுனியில் இரும்புக் குப்பி இருந்தால் மட்டும் தண்ணீரில் விடுங்கள்.

வித்தியாசம் இருந்தால் சூட்டைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரில் திருத்தலாம். பலரிடம் இருக்கும் டபிள்யூ 1209 என்ற கண்ட்ரோலர் போர்டில் அதற்கு பி4 என்ற செட்டிங். கையோடு பி1-ஐயும் பாருங்கள். அது 2 டிகிரியில் வரும், அதாவது சூடு 2 டிகிரி இறங்கிய பிறகுதான் ஹீட்டர் போடும். 0.2-க்கு மாற்றிவிடுங்கள்.

மெஷின் வாங்குவதென்றால் ஃபேன் உள்ளதுதான். ஃபேன் இல்லாத பெட்டியில் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு. தெர்மாகோல் பெட்டிக்குள் குண்டு பல்பு தொங்கவிடுவது எனக்குப் பிடிக்காது, தீப்பிடித்தால் வீடே போகும். தானாகத் திருப்பும் தட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். கையால் என்றால் ஒரு நாளைக்கு 3 அல்லது 5 தடவை திருப்ப வேண்டும். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள்.

சேவலோடு மேயும் கோழியின் முட்டைதான் வேண்டும். நாமக்கல்லிலிருந்து கடைக்கு வரும் வெள்ளை முட்டை எத்தனை நாள் வைத்தாலும் பொரிக்காது, அந்தப் பண்ணைகளில் சேவலே இல்லை. இட்டு 7 நாளைக்குள் வையுங்கள், கழுவாதீர்கள், கூர்முனை கீழே இருக்கட்டும். 7-ஆம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சை அகன்ற முனையில் வைத்துப் பார்த்தால் சிலந்தி கால் பரப்பியதுபோல் நரம்பு தெரியும். ஒன்றுமே தெரியாமல் வெளிச்சமாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள்.

ஈரப்பதம் முதல் 18 நாள் 45 முதல் 55 சதவீதம் என்பார்கள். மலிவான மீட்டர்களை நான் நம்புவதில்லை, தராசை நம்புகிறேன். மாமாவின் வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலிருந்து பழைய தராசு ஒன்றை வாங்கி வந்து முட்டையை நிறுத்தேன். 45 கிராம் முட்டை 18-ஆம் நாள் 40 கிராம் அளவுக்கு இறங்க வேண்டும். அதிகமாக இறங்கினால் தண்ணீர் கூட்டுங்கள், இறங்காவிட்டால் தொட்டியைக் காயவிடுங்கள். சேலத்து மழைக்காலத்தில் நான் தண்ணீரே ஊற்றாமல் ஓட்டியிருக்கிறேன்.

18-ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, முட்டைகளைப் படுக்க வைத்து, அடியில் சொரசொரப்பான துணி விரித்து, ஈரப்பதத்தை 65-க்கு மேல் ஏற்றுங்கள். அப்புறம் மூடியைத் திறக்கவே கூடாது. ஓட்டில் ஓட்டை விழுந்து 24 மணி நேரம்கூட ஆகலாம். பாவம் என்று நாம் திறந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் இறுகிவிடும். வெளியே வந்த குஞ்சுக்கு உடனே தீனி வேண்டாம், வயிற்றில் மஞ்சள்கரு இருக்கிறது. உடம்பு காய்ந்து பஞ்சுபோல் ஆனதும் 35 டிகிரி சூடுள்ள பெட்டிக்கு மாற்றினால் போதும்.

இடி இடித்தால் முட்டை கெடும் என்று அம்மா இன்றும் மெஷின் மேல் ஒரு கரித்துண்டும் ஆணியும் வைக்கிறார். நான் எடுப்பதில்லை. இரண்டாம் தடவை 24-க்கு 19.

பிறகு சேர்த்தது: பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளில் என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் என்றால் காற்றுத் துளையை விட்டுவிட்டு மெஷினைப் போர்வையால் சுற்றினால் போதும், கோழியும் தீனிக்கு எழுந்து போகத்தானே செய்கிறது. நாள் முழுக்க என்றால் இன்வெர்ட்டர் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சிக்கல் நேர்மாறானது. அறையே 38 டிகிரி இருந்தால் மெஷினால் குளிர்விக்க முடியாது, வீட்டிலேயே குளுமையான அறையில் வையுங்கள்.

இன்னொன்று: ஏற்காட்டிலிருந்து ஒருவர் தன் சென்சாரைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுச் சோதித்திருக்கிறார். 95 காட்டியதும், 5 டிகிரி குறைவாகக் காட்டுகிறது என்று கூட்டி வைத்துவிட்டார். ஒரு குஞ்சும் வரவில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95-லேயே கொதித்துவிடும், சென்சார் சரியாகத்தான் இருந்தது. மலையில் இருப்பவர்களும் மேலே சொன்ன சொம்புச் சோதனையையே செய்யுங்கள். பனிமூட்டத்தைப் பார்த்துத் தண்ணீர்த் தொட்டியைக் காயவிடவும் வேண்டாம். 18 டிகிரியில் இருக்கும் அந்த ஈரக்காற்றை 37.5-க்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.