பிரஷர் பார்க்கும்போது கை எந்த உயரத்தில் இருக்கிறது?

வீட்டில் பிரஷர் பார்க்கும்போது கையைத் தொங்கவிடாதீர்கள், மடியிலும் வைக்காதீர்கள். பட்டை சுற்றிய இடம் நெஞ்சின் நடு உயரத்துக்கு வருகிற மாதிரி மேசையிலோ தலையணை மேலோ கையைத் தளர்வாகச் சாய்த்து வையுங்கள்.

ரத்தமும் ஒரு திரவம்தானே, குழாயில் கீழே போகப் போக மேலே நிற்கும் திரவத்தின் எடையும் அழுத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். கை இதயத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்திருந்தாலே ஏறத்தாழ 7, 8 புள்ளி கூடுதலாகக் காட்டும், அதாவது 132 இருக்கிறவருக்கு 140 என்று வந்து வீணாகப் பயந்து டாக்டரிடம் ஓடவேண்டி வரும். மணிக்கட்டில் கட்டும் கருவி என்றால் இன்னும் மோசம், மடியில் வைத்தால் மணிக்கட்டு இதயத்திலிருந்து நன்றாகவே கீழே போய்விடும். சரி, கையை நாமே தூக்கிப் பிடிக்கலாமே என்றால் அதுவும் கூடாது, தசை இறுகி அளவு ஏறும்.

மல்லாந்து படுத்துப் பார்த்தால் கை கிட்டத்தட்ட இதய மட்டத்திலேயே இருக்கும், அதனால் பெரிய வித்தியாசம் வராது. இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு, கையைச் சரியாக வைத்தாலும் ஒரே ஒரு அளவை நம்ப முடியாது. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்திருக்கும் கையில் பட்டையே கட்டக்கூடாது. அப்புறம், கை சரியாக இருந்தும் பல நாள் தொடர்ந்து கூடுதலாகவே வந்தால் அது நிஜமான பிரஷர், டாக்டரைப் பாருங்கள்.