பிரஷ் கட்டர் பராமரிப்பு: இரண்டு சிரிஞ்சும் ஒரு ஆக்சா பிளேடும் போதும்

போன மழைக்கு ஜோராக ஓடிய, புல்லும் புதரும் வெட்டும் பிரஷ் கட்டர் இந்த மழைக்குக் கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றாலும் ஸ்டார்ட் ஆகவில்லையா? இஞ்சினைச் சந்தேகிக்கும் முன் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நெடி போய், பழைய வார்னிஷ் போல ஒரு புளித்த வாடை வந்தால் கோளாறு அங்கேதான். இந்த மெஷினில் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு எரிபொருளிலிருந்து வருகிறது. அடுத்தது, யாரும் திரும்பிப் பார்க்காத கியர் பெட்டி.

முதலில் உங்களுடையது டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். இஞ்சினில் பெட்ரோல் மூடி தவிர இஞ்சின் ஆயில் ஊற்றத் தனியாக ஒரு மூடி இருந்தால் ஃபோர்-ஸ்ட்ரோக். ஒரே மூடிதான் என்றால் டூ-ஸ்ட்ரோக். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 43, 52 சிசி மெஷின்கள் பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக். இதை மாற்றிப் புரிந்துகொண்டு டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் கலக்காத வெறும் பெட்ரோலை ஊற்றி முறுக்கினால் சில நிமிடங்களில் பிஸ்டன் சிலிண்டரோடு கடித்துக்கொள்ளும். அதன்பிறகு புது சிலிண்டர் செட்தான்.

எந்த வேலையைத் தொடங்குமுன்னும் இஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, பிளக் கேப்பைப் பிடுங்கிவிடுங்கள். கத்தியைக் கையால் சுற்றும்போது இஞ்சின் ஒரு தரம் உதைத்தாலே விரல் போய்விடும்.

பெட்ரோலும் ஆயிலும்

கலவை விகிதம் டேங்கின் மேல் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். 25:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி ஆயில், அதாவது டூ-ஸ்ட்ரோக் ஆயில். 40:1 என்றால் 25 மில்லி. 50:1 என்றால் 20 மில்லி. பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட் பழக்கத்தில் கண்ணளவாக ஊற்றுவதுதான் பலர் செய்யும் தப்பு. குறைந்தால் பிஸ்டனில் கோடு விழும். கூடினால் பிளக்கும் சைலன்சரும் கரி பிடிக்கும். மருந்துக்கடையில் ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கிக்கொண்டால் இந்தக் குழப்பம் தீர்ந்தது. 25:1-க்கு இரண்டு முழு சிரிஞ்சு, 50:1-க்கு ஒன்று.

ஆயில் டப்பாவில் ஜாசோ (JASO என்ற ஜப்பானியத் தரக் குறியீடு) எஃப்சி அல்லது எஃப்டி தரம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பைக்குக்கு ஊற்றும் 4டி ஆயிலைக் கலக்காதீர்கள். அது பெட்ரோலோடு சேர்ந்து எரிவதற்கென்று செய்யப்பட்டதல்ல, சாம்பலாகத் தங்கிவிடும். படகு இஞ்சின் ஆயிலும் வேண்டாம். அது தண்ணீரால் குளிரும் இஞ்சினுக்கானது. பிரஷ் கட்டரோ காற்றால் குளிர்வது, அதைவிடச் சூடாக ஓடும்.

டேங்குக்குள்ளேயே கலக்கக் கூடாது. தனி கேனில் பாதி பெட்ரோல், அதன்மேல் ஆயில், மூடிக் குலுக்கி, மீதி பெட்ரோல், மறுபடி குலுக்கல். அடுத்தடுத்த நாள் ஊற்றும்போதும் ஒருமுறை குலுக்கியே ஊற்றுங்கள். கேனின் மேல் விகிதத்தையும் கலந்த தேதியையும் பெயின்ட்டிலோ மார்க்கரிலோ எழுதிவிடுங்கள்.

தேதி எதற்கு என்றால், இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலோடு தங்கிவிடும். டேங்கில் குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்து. ஆக, நீங்கள் சரியாக அளந்து ஊற்றிய ஆயில் இஞ்சினுக்குப் போய்ச் சேராது. சந்தேகமாக இருந்தால் பழைய கலவையைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் அதை மெஷினில் ஊற்றவே கூடாது. ஒரு மாதத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் கலப்பதே நல்லது.

ஃபோர்-ஸ்ட்ரோக்காரர்களுக்குக் கலக்கும் வேலை இல்லை, ஆனால் ஆயில் மாற்றும் வேலை உண்டு. 35.8 சிசி ஹோண்டா ஜிஎக்ஸ்35 இஞ்சினை எடுத்துக்கொண்டால், அது கொள்ளும் ஆயில் வெறும் 100 மில்லி, 10டபிள்யூ-30 ரகம். முதல் 10 மணி நேர ஓட்டத்திலோ முதல் மாதத்திலோ ஒருமுறை மாற்ற வேண்டும். அப்புறம் 50 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இருப்பதே ஒரு டம்ளருக்கும் குறைவு என்பதால் 20 மில்லி குறைந்தாலும் அது பெரிய குறைவுதான். மெஷினைச் சமதரையில் வைத்து, ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் செய்யுமுன் அளவு பாருங்கள்.

காற்று, பிளக், கரி

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை எட்டு மணி நேர வேலைக்கு ஒருமுறை கழற்றுங்கள். காய்ந்த புழுதியில் வெட்டினால் தினமும். சோப்புத் தண்ணீரில் கசக்கி அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்து, நாலைந்து சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். பெட்ரோலில் அலசினால் ஸ்பாஞ்சு சீக்கிரம் பொடிந்துபோகும். ஃபில்டர் இல்லாமல் "இன்றைக்கு மட்டும்" என்று ஓட்டாதீர்கள். உள்ளே போகும் மண் பிஸ்டன் ரிங்குக்கு எமரி பேப்பர்.

பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். காப்பிப் பொடி நிறமென்றால் எல்லாம் சரி. கறுத்து எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ஆயில் அதிகம், அல்லது ஃபில்டர் அடைப்பு, அல்லது சோக் போட்டபடியே ஓட்டியிருக்கிறீர்கள். வெளுத்துச் சுண்ணாம்பு பூத்தாற்போல இருந்தால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. கார்புரேட்டர் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். பிளக் முனையிலுள்ள இடைவெளி பெரும்பாலான மெஷின்களுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் ஆக்சா பிளேடின் பல்லில்லாத முதுகுப் பக்கத்தை இடையில் விட்டுப் பாருங்கள். அதன் கனம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். மாட்டும்போது விரலாலேயே கடைசிவரை முறுக்கி, பிறகு ஸ்பேனரில் பழைய பிளக்குக்குக் கால் சுற்று, புதியதற்கு அரைச் சுற்று. சிலிண்டர் தலை அலுமினியம். ஸ்பேனரில் மரை மாறிப்போனால் செலவு பெரிது.

டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் வாயிலுள்ள சிறு கம்பி வலை கரியால் அடைத்துக்கொள்ளும். சும்மா நிற்கும்போது நன்றாக ஓடி, முறுக்கினால் மட்டும் "புஸ்" என்று இறங்குகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. வலையைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். சைலன்சரையே கழற்றினால் சிலிண்டரின் புகைத் துளை தெரியும். கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டன் அந்தத் துளையை மூடும்படி நிறுத்திவிட்டு, மூங்கில் குச்சியால் கரியைச் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிஸ்டனில் கீறல் விழும். அந்தச் சாக்கில் பிஸ்டன் பக்கவாட்டையும் பார்த்துவிடலாம்: வழவழப்பாக இருந்தால் நல்லது, செங்குத்தாகக் கோடுகள் இருந்தால் எப்போதோ ஆயில் பற்றாமல் ஓடியிருக்கிறது.

சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு இடையே புல்தூள் அப்பியிருக்கும். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தண்ணீர் பீய்ச்சி அடிக்காதீர்கள்.

கியர் பெட்டி

கத்தி மாட்டும் முனையில் இருக்கும் கை முஷ்டி அளவு அலுமினியப் பெட்டிக்குள் இரண்டு சிறு பற்சக்கரங்களும் பேரிங்குகளும் மட்டும்தான். அங்கே ஆயில் கிடையாது, கிரீஸ்தான். அது தீர்ந்தால் எந்த விளக்கும் எரியாது, எந்தச் சத்தமும் முதலில் வராது. தெரிந்துகொள்ள எளிய வழி: கால் மணி நேரம் வெட்டிவிட்டு இஞ்சினை அணைத்ததும் பெட்டிக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், அண்ட முடியாத அனலாக இருந்தால் கிரீஸ் இல்லை, அல்லது பேரிங் போய்விட்டது.

25 மணி நேர வேலைக்கு ஒருமுறை கிரீஸ் வையுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு போல்ட் இருக்கும். சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டே கழற்றுங்கள், இல்லையென்றால் மண்ணும் உள்ளே போகும். இரண்டாவது சிரிஞ்சு இதற்குத்தான்: சிரிஞ்சின் தண்டை வெளியே இழுத்து, பின்பக்கமாக லித்தியம் கிரீஸை அடைத்து, துளையில் வைத்து அழுத்துங்கள். கொஞ்சம் வைத்துவிட்டுக் கத்தியைக் கையால் நாலு சுற்று சுற்றி மறுபடி கொஞ்சம். முக்கால் பாகம் போதும். முழுக்கத் திணித்தால் சூட்டில் விரியும் கிரீஸ் ஆயில் சீலைத் தள்ளிவிடும். சீல் போனபின் எவ்வளவு வைத்தாலும் கத்திப் பக்கம் வழிந்துவிடும்.

முதுகில் மாட்டும் வகையில் இஞ்சினுக்கும் குழாய்க்கும் நடுவே வளையும் கேபிள் ஒன்று இருக்கும். அதை உருவித் துடைத்து, மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவிச் செருகுங்கள். இதை மறந்தவர்களுக்குத்தான் கேபிள் நடுத்தோப்பில் அறுந்துபோகும்.

கத்தியும் நரம்பும்

கத்தி நட்டு இடது மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பெட்டியிலுள்ள துளையில் ஆலன் கீ ஒன்றைச் செருகி அச்சைப் பூட்டிவிட்டுத் திருப்புங்கள். 10 அங்குல, 80 பல் கத்தியில் ஒரு பல் போனாலும் அதிர்வு கைக்கு வரும். மண்ணெண்ணெயில் துடைத்து, பல்லடியில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் வெல்டிங் எல்லாம் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

கத்திக்குப் பதிலாக மாட்டும் நைலான் நரம்பு வெயிலில் காய்ந்து மொறுமொறுத்திருந்தால் அடிக்கடி ஒடியும். முந்தின இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் வளைந்துகொடுக்கும். சுற்றும்போது நரம்பைச் சரிபாதியாக மடித்து, மடிப்பை ஸ்பூலின் (நரம்பு சுற்றும் உருளை) நடுத் தடுப்பிலுள்ள வெட்டில் மாட்டி, அம்புக்குறி காட்டும் திசையில் இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏறாமல் வரிசையாகச் சுற்றுங்கள். குறுக்கே ஏறியது சூட்டில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தரையில் எத்தனை தட்டு தட்டினாலும் நரம்பு வெளியே வராது. நீளம் காவல் தகட்டிலுள்ள சிறு வெட்டுக்கத்தியைத் தாண்டக் கூடாது. அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு நீள நரம்பு விடுவது பலருக்கு வழக்கம். இஞ்சின் திணறும், கிளட்ச் கருகும், கல் முகத்துக்கு வரும். நரம்புக்குப் பதில் பைக் கேபிளைச் செருகுவது இன்னும் மோசம்: அறுந்த துண்டு ஆளையே துளைக்கும்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

கார்புரேட்டருக்குப் பெட்ரோலை இழுக்கும் ரப்பர் குமிழான பிரைமர் பல்பைப் பத்து முறை அழுத்துங்கள். டேங்குக்குத் திரும்பும் குழாயில் பெட்ரோல் ஓடவில்லை என்றால் டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது குழாய் வெடித்திருக்கிறது. கொக்கி போல வளைத்த கம்பியால் ஃபில்டரை மூடி வழியே வெளியே இழுத்து மாற்றலாம். பெட்ரோல் வருகிறது, பிளக் நனைந்திருக்கிறது என்றால் இஞ்சின் பெட்ரோலை அளவுக்கு மீறிக் குடித்துவிட்டது: பிளக்கைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, சோக்கைத் திறந்து, துளை கீழே பார்க்க ஏழெட்டு முறை கயிறு இழுத்து, துடைத்த பிளக்கை மாட்டுங்கள். ஸ்டார்ட் ஆகிப் பத்து நிமிடத்தில் நின்றுபோகிறதென்றால் டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்துங்கள். ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. ஆக்சிலேட்டரை விட்டபின்னும் கத்தி சுற்றினால் ஐடில் திருகை (சும்மா நிற்கும்போதுள்ள வேகத்துக்கானது) குறையுங்கள். அப்படியும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது, மாற்றும்வரை மெஷினைத் தொடாதீர்கள்.

கார்புரேட்டரில் குறைந்த வேகத்துக்கும் அதிக வேகத்துக்கும் கலவையைச் சரிசெய்யும் எல், ஹெச் திருகுகளைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். கழற்றியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுங்கள். டயாஃப்ரம் (மெல்லிய தோல்) வகையில் மீட்டரிங் பக்கமும் பம்ப் பக்கமும் ஒன்றுபோலத்தான் என்று நினைத்து மாட்டுவதால்தான் கோளாறு இரட்டிப்பாகும்: மீட்டரிங் பக்கத்தில் உடலோடு ஒட்டி முதலில் கேஸ்கெட், மேலே டயாஃப்ரம், பம்ப் பக்கத்தில் முதலில் டயாஃப்ரம், மேலே கேஸ்கெட். டயாஃப்ரம் விரலில் துணி போல மடங்காமல் காகிதம் போல விறைத்திருந்தால் புது கிட் போடுங்கள். முழுதாக மாட்டியிருக்கும் கார்புரேட்டருக்குள் கம்ப்ரசர் காற்றை அடித்தால் அந்தத் தோல் கிழிந்துபோகும்.

மாதக்கணக்கில் வைக்கும்போது

டேங்கைக் காலி செய்து, மிச்சமுள்ளதைத் தானாக அணையும்வரை ஓட்டிவிடுங்கள். பிளக்கைக் கழற்றித் துளையில் 5 மில்லி 2டி ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல இரண்டு மூன்று முறை இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவி, மெஷினைச் சுவரில் தொங்கவிடுங்கள். நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு: குளவி. சைலன்சர் துளை அதற்குக் கட்டிவைத்த வீடு மாதிரி, இரண்டே நாளில் மண் வைத்து அடைத்துவிடும். துளையில் சிவப்புத் துணி ஒன்றை வால் வெளியே தொங்கும்படி செருகிவையுங்கள், அடுத்த மழைக்கு எடுக்கும்போது கண்ணில் படும்.