கேம், வாஸ் கமிங், ஹேட் கம்: எதை எங்கே எழுதுவது?

மலேசியாவின் தோட்டத்துப் பட்டணங்களில் படிவம் 4, 5 பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தால், சிவப்பு மை அதிகம் விழுவது இறந்தகால வினைகளில்தான். இலக்கணப் பெயர்களெல்லாம் மனப்பாடமாகத் தெரியும். எங்கே எது வரும் என்பதில்தான் தடுமாற்றம். ஆகவே பெயர்களை ஒதுக்கிவிட்டு, மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) வந்த நேரத்தில் செம்பனைக் குலைகள் எந்த நிலையில் இருந்தன என்று மட்டும் பாருங்கள்.

‘வென் தி மண்டோர் கேம், வி லோடட் தி லாரி.’ அவர் வந்த பிறகுதான் ஏற்றினோம்.

‘வென் தி மண்டோர் கேம், வி வேர் லோடிங் தி லாரி.’ பாதி ஏற்றிக்கொண்டிருந்தபோது வந்தார்.

‘வென் தி மண்டோர் கேம், வி ஹேட் லோடட் தி லாரி.’ அவர் வருமுன்பே வேலை முடிந்துவிட்டது.

முதல் பாதி மூன்றிலும் ஒன்றே. இரண்டாம் வினை மாறியதும் வேலையின் நிலையும் மாறிவிடுகிறது. தெரிதல், நம்புதல் போன்ற வினைகளுக்கு நடுவில் உள்ள ‘வேர் லோடிங்’ வடிவம் ஒத்துவராது. ‘ஐ வாஸ் நோயிங்’ தப்பு, ‘ஐ நியூ’ போதும்.

அதிகம் சிக்கல் தருவது ‘ஹேட்’. “நேற்று மாமா வந்திருந்தார்” என்று வீட்டில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அந்த ‘இருந்தார்’ அப்படியே ‘அங்கிள் ஹேட் கம் யெஸ்டர்டே’ என்று தாளில் இறங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஹேட் வர வேண்டுமென்றால் அதற்குப் பிந்திய இன்னொரு இறந்தகாலச் செயலோ நேரமோ கதையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘அங்கிள் கேம் யெஸ்டர்டே’தான். நடந்த வரிசையிலேயே கதை சொல்லும்போது பத்து வினை வந்தாலும் பத்தும் சாதாரண இறந்தகாலமே. முன்னே நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் இடத்தில் மட்டும் ஹேட். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இருந்தால் வரிசை அதிலேயே தெரிந்துவிடும். ஹேட் இல்லாமலும் வாக்கியம் நிற்கும். ‘வென்’ அப்படியல்ல. ‘வென் அப்பா கேம் ஹோம், அங்கிள் லெஃப்ட்’ என்று எழுதினால், அப்பாவைக் கண்டதும் மாமா கிளம்பிவிட்டார் என்றாகிவிடும்!

அடுத்தது ‘ஹேவ்’, ‘ஹேஸ்’. முடிந்துபோன ஆண்டோ நாளோ பக்கத்தில் இருந்தால் இவை வரக்கூடாது. ‘மலாயா ஹேஸ் கெயின்ட் இண்டிபெண்டன்ஸ் இன் 1957’ தப்பு. ஹேஸை எடுத்துவிட்டால் சரி. ‘சின்ஸ்’ வந்தால் கதை வேறு. பாட்டி இன்னும் லயத்தில்தான் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருக்கிறார் என்றால் ‘ஷி ஹேஸ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 1970’. கிள்ளானுக்குக் குடிபோய்விட்டார் என்றால் ‘ஷி லிவ்ட் ஹியர் ஃபார் தர்ட்டி இயர்ஸ்’.

கடைப்பேச்சு தாளில் நுழையும் இடங்கள் இரண்டு. ‘ஏற்கெனவே’ என்று பொருள்படும் மலாய் ‘சுடா’வின் பழக்கத்தில் வரும் ‘ஹி கோ ஆல்ரெடி’யை ‘ஹி ஹேஸ் ஆல்ரெடி கான்’ என்று எழுதுங்கள். ‘லாஸ்ட் டைம் வி ஸ்டே இன் எஸ்டேட்’ என்பது ‘வி யூஸ்ட் டு லிவ் ஆன் தி எஸ்டேட்’ ஆக வேண்டும். கடையில் பேசும்போது யாரும் குறை சொல்ல மாட்டார்கள், எஸ்.பி.எம். தேர்வுத் தாளில் மதிப்பெண் போகும்.

எழுதி முடித்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, இன்னொரு வினைக்குத் துணையாக வரும் ஒவ்வொரு ஹேட்டையும் பென்சிலால் வட்டமிடுங்கள். பிந்திய செயலையோ நேரத்தையோ காட்ட முடியவில்லையா, அடித்துவிட்டு வினையைச் சாதாரண இறந்தகாலத்துக்கு மாற்றுங்கள். காட்ட முடிந்தால் அடுத்த சொல்லைப் பாருங்கள்: ‘ஹேட் வென்ட்’ கிடையாது, ‘ஹேட் கான்’. பிறகு ‘டிட்’டுகளைத் தேடுங்கள். இறந்தகாலத்தை டிட்டே சுமந்துவிடுவதால் பின்னால் மூல வினைதான் வரும்: ‘ஹி டிட் நாட் கம்’.