ஃபுளூ ஊசி போடுவதா, விடுவதா: ஒன்ராறியோவில் முதல் குளிர்காலம்

ஒக்டோபர் பிற்பகுதியில் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம் எந்த பார்மசிக்குப் போனாலும் ஃபுளூ ஊசி அறிவிப்பு கண்ணில் படும். ஊரில் இதற்கென்று ஊசி போட்டுப் பழக்கமில்லாதவர்களுக்கு, "தடிமனுக்குமா ஊசி?" என்று தோன்றுவது இயல்பு. இது தடிமனுக்கு அல்ல. தடிமன் மூக்கை ஒழுகவைத்தாலும் வேலைக்குப் போக விடும். ஃபுளூ, காலையில் நன்றாக நடமாடியவரை மாலைக்குள் காய்ச்சலும் உடம்பு உளைவுமாகப் பாயில் கிடத்திவிடும். கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடியுங்கள், தொண்டைக்கு இதம். வைரஸ் அதற்கு மசியாது. அன்டிபயோட்டிக் மாத்திரைக்கும் மசியாது.

பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். ஒன்ராறியோவில் வசிப்பவர், வேலை செய்பவர், படிப்பவர் எவருக்கும், ஆறு மாதக் குழந்தை முதற்கொண்டு, இந்த ஊசி இலவசம். 2000ஆம் ஆண்டு முதல் இப்படித்தான். ஓஹிப் (மாகாண மருத்துவக் காப்புறுதி) அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். அட்டை இன்னும் வரவில்லை என்றால், நமக்குக் கிடையாது என்று நீங்களாகவே முடிவு கட்டாமல் உங்கள் நகரின் பொதுச் சுகாதாரப் பிரிவைக் கேளுங்கள். 811 என்ற எண்ணை அழைத்தால் எந்நேரமும் ஒரு தாதியுடன் பேசலாம்; மொழிபெயர்ப்பு உதவியும் கேட்கலாம்.

இனி முடிவு. "எனக்கு முப்பது வயது, நோய் நொடி இல்லை, எனக்கெதற்கு?" என்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நம்மவர் வீடுகளில் மேலே ஒரு குடும்பம், பேஸ்மெண்டில் இன்னொன்று, நடுவில் நீரிழிவோடு ஓர் அம்மம்மா. அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், நீரிழிவு, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள் ஆகியோரை ஃபுளூ ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஊசியே போட முடியாது. கர்ப்பகாலத்தில் தாய் போட்டுக்கொள்வதுதான் அதற்குக் கிடைக்கும் முக்கியக் காப்பு. இன்னொரு கணக்கும் உண்டு. மாகாணச் சட்டப்படி பெரும்பாலான தொழிலாளருக்குக் கிடைக்கும் சுகவீன விடுப்பு வருடத்துக்கு மூன்று நாள், அதுவும் சம்பளமில்லாமல். ஏஜென்சி மூலம் தொழிற்சாலைக்குப் போகிறவருக்கு ஒரு வாரப் படுக்கை என்றால் அந்த மாத வாடகைக்கே இடி.

"போட்டும் வந்ததே" என்பார்கள். வரலாம். வரும் குளிர்காலத்தில் எந்த வைரஸ் வகைகள் பரவும் என்று உலக சுகாதார நிறுவனம் பெப்ரவரியிலேயே கணித்துச் சொல்கிறது. கணிப்பு நன்றாகப் பொருந்தும் வருடங்களில் வைத்தியரிடம் ஓட வேண்டிய நிலை 40 முதல் 60 சதவீதம் வரை குறைகிறது. முழுக் கவசம் இல்லை. வந்தாலும் கடுமை குறையும். "ஊசிதான் காய்ச்சலைக் கொடுத்தது" என்பது மட்டும் தவறு. ஊசியில் இருப்பது உயிரற்ற வைரஸ். காப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் தொற்றினால் பழி ஊசிமேல் விழுகிறது.

பெரும்பாலான ஃபுளூ ஊசிகள் கோழிமுட்டையில் தயாராகின்றன. முட்டை ஒவ்வாமை இருந்தாலும் போடலாம் என்பதே கனடாவின் பரிந்துரை. சைவம் காப்பவர்கள் தங்கள் மனச்சாட்சிப்படி முடிவெடுக்கட்டும், அதில் நான் வாதாட மாட்டேன்.

புதிதாக வந்த குடும்பங்கள் கவனிக்காமல் விடுவது பிள்ளைகளின் கணக்கை. ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளை முதன்முறை போடும்போது, குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும். ஆகவே நத்தாருக்கு முன் இரண்டும் முடிய வேண்டுமானால் நவம்பர் தொடக்கத்திலேயே முதல் ஊசி. இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு பார்மசியில் போடமாட்டார்கள். குடும்ப வைத்தியர் அல்லது பொதுச் சுகாதார கிளினிக்.

போகிற அன்று தடித்த ஜாக்கெட்டுக்குள் கைதளர்ந்த சட்டை போடுங்கள். இறுக்கமான நீளக்கை ஸ்வெட்டரைத் தோள்வரை சுருட்டுவது ஒரு போராட்டம். படிவத்தில் ஒவ்வாமை, மருந்துகள் பற்றிக் கேட்பார்கள். ஊசி போட்டபின் பதினைந்து நிமிடம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள், உட்காருங்கள். மறுநாள் கை வலிக்கும், சிலருக்கு இலேசாக உடம்பு சுடும். முன்பு ஃபுளூ ஊசியால் மூச்சுத்திணறல் போன்ற கடும் ஒவ்வாமை வந்திருந்தால் வைத்தியரிடம் பேசாமல் போடக்கூடாது. அன்று கடும் காய்ச்சல் அடித்தால் தள்ளிப்போடுங்கள், ஜனவரியிலும் போடுகிறார்கள்.